ஒத்தை ஆளாய்ப் பிள்ளை வளர்க்கிறவர்களின் கடன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட் பக்கத்து எஸ்டேட்டுகளிலும் டவுனிலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறோம். சட்ட விவரங்கள் மலேசியா முழுமைக்கும் பொருந்தும். 'வெள்ளி' என்று வரும் இடமெல்லாம் ரிங்கிட்.

கைக்கு வர்றது 1,500 வெள்ளி. மூணு பிள்ளைங்க. கடன் எத்தனை இருக்குன்னே தெரியல. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

கடைக்காரர் பாக்கி எழுதுகிற அந்தச் சின்ன 555 புத்தகம் ஒன்று வாங்குங்கள். கடன் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். யாரிடம் வாங்கினது, கையில் எவ்வளவு வந்தது, இதுவரை கட்டினது எவ்வளவு, மாதம் எவ்வளவு, எந்தத் தேதி, கட்டாவிட்டால் என்ன ஆகும், எழுத்தில் என்ன இருக்கிறது. இந்த ஏழும் வேண்டும். பலரும் கடைசி இரண்டை விட்டுவிடுகிறார்கள். பின்னால் முடிவெடுக்க உதவுவதே அந்த இரண்டும்தான்.

பேங்க் கடனில் சந்தேகம் இருந்தால் சிசிஆர்ஐஎஸ் அறிக்கை, அதாவது உங்கள் பெயரில் உள்ள பேங்க் கடன்களின் பட்டியல், எடுங்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாரா இலவசமாகத் தருகிறது, இ-சிசிஆர்ஐஎஸ் தளத்தில் பதிந்து போனிலேயே பார்க்கலாம். கடந்த 12 மாதத்தில் எந்த மாதம் தவணை தப்பியது என்பது வரை அதில் வரும். உங்கள் பெயரில் வேறு யாராவது லோன் எடுத்திருந்தாலும் அங்கேதான் தெரியும். முன்னாள் கணவர் எடுத்த லோனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டதை மறந்தே போனவர்கள் உண்டு.

எந்தக் கடன முதல்ல கட்டணும்? வாசல்ல வந்து கத்துறவனுக்குத்தானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். கத்துகிறவனுக்கு முதலில் கட்டுவதால்தான் பல குடும்பங்கள் எழுந்திருக்க முடியாமல் கிடக்கின்றன. தேதி போனால் எதை இழப்போம் என்று பார்த்துக் கட்ட வேண்டும். சத்தத்தைப் பார்த்துக் கட்டக் கூடாது.

முதலில் வீட்டுச் சாப்பாடு, வாடகை, கரண்டு, தண்ணீர், பிள்ளைகளின் ஸ்கூல் வேன். இதெல்லாம் கடனே இல்லை, ஆனாலும் முதல் வரிசை. அடுத்தது, சம்பாதிக்க உதவும் பொருளின் தவணை. பெரட்டுக்கோ (எஸ்டேட்டில் காலையில் பேர் கொடுக்கும் இடம்) பேக்டரிக்கோ போகிற மோட்டார் சைக்கிள் பறிபோனால் சம்பளமும் போகும். மூன்றாவது, தேதி முடிந்தால் ஏலம் போகிற அடகு நகை. நான்காவது, பேங்க் லோன், கிரெடிட் கார்டு. இவற்றைப் பேசி மாற்ற முடியும், அதற்கு ஒரு வழி கீழே வருகிறது. சோபா, டிவி, போன் தவணை அதற்கும் பிறகு.

தெரிந்தவர்களிடம் வட்டியில்லாமல் வாங்கின கைமாற்றைச் சிறு தொகையாக, ஆனால் மாதம் தவறாமல் கட்டுங்கள். 20 வெள்ளியானாலும் சரி. நாளை பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கதவைத் தட்டப் போவது அங்கேதான். ஆலோங், அதாவது லைசென்ஸ் இல்லாமல் வட்டிக்கு விடுகிறவன், இந்த வரிசையிலேயே சேராது, அதைத் தனியாகப் பேசுவோம்.

சரி, 1,500ல கடனுக்குன்னு எவ்வளவு ஒதுக்க முடியும்?

குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியில் கேடபிள்யூஎஸ்பி (சேமநிதி) 187 போய், பெர்கேசோ (தொழிலாளர் காப்புறுதி) பிடித்தம் சில வெள்ளி போய், கையில் ஏறக்குறைய 1,500 நிற்கும். எஸ்டேட் வீட்டில் வாடகை இல்லாமல் இருப்பவருக்கு ஒரு மாதிரிக் கணக்கு: சாப்பாடு 550, கரண்டு தண்ணீர் கேஸ் 120, ஸ்கூல் வேனும் கைச்செலவும் 200, பெட்ரோல் 100, போன் 35, மருந்து சில்லறை 95. மொத்தம் 1,100. மீதி 400. அதில் 50ஐ முதலில் எடுத்து ஒரு தகர டப்பாவில் போடுங்கள். 350 கடனுக்கு.

அந்த 50 எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். கடன் இருக்கும்போது சேமிப்பா என்று சிரிப்பார்கள். டயர் பஞ்சர், ஸ்கூலில் திடீர்க் கட்டணம் என்று வருகிறபோது டப்பா காலியாக இருந்தால் மறுபடி கடன்தான் வாங்குவீர்கள்.

டவுனில் 400 வாடகை கொடுப்பவருக்கு மேற்படி கணக்கில் மீதியே இருக்காது. அவர் தவணை கட்டும் திட்டத்தை இன்றைக்கே போட வேண்டாம். உதவித்தொகை, ஜீவனாம்சம் கேள்விகளுக்கு முதலில் போங்கள். சாப்பாட்டை 300க்கு இறுக்கிக் கடன் கட்டுகிறேன் என்று கிளம்பினால் மூன்றாம் மாதம் அத்தனையும் 555 பாக்கியாகத் திரும்பி வரும்.

ஆலோங்கிட்ட 1,000 வாங்கினேன். கையில 800 தான் கொடுத்தான். வாரம் 200 கட்டுறேன், கடன் குறையவே மாட்டேங்குது.

குறையாது. அந்த 200 வெறும் வட்டி. ஐந்து வாரம் கட்டினால் 1,000 போய்விடும், அசல் அப்படியே நிற்கும். அதே 1,000ஐ லைசென்ஸ் உள்ளவரிடம் ஜாமீன்பொருள் இல்லாமல் வாங்கியிருந்தால் வட்டி வருஷத்துக்கு அதிகபட்சம் 18 விழுக்காடு, அதாவது ஒரு வருஷம் முழுக்க 180 வெள்ளி.

1951ஆம் ஆண்டு கடன் கொடுப்போர் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் வட்டிக்கு விடுவது குற்றம். 250,000 முதல் 10 லட்சம் வெள்ளி வரை அபராதமோ, 5 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும். அந்தக் கடனை நீதிமன்றத்தில் வசூல் செய்ய அவனுக்கு உரிமையும் இல்லை. சட்டம் இப்படி இருந்தாலும் அவன் ஆள் வாசலில் நிற்பான். ஆகவே ஒழுங்காகச் செய்யுங்கள். முதலில், கையில் வந்ததையும் கட்டினதையும் தேதியோடு எழுதுங்கள். டெபாசிட் ரசீது, வாட்ஸ்அப் மெசேஜ், வந்து நின்ற கார் நம்பர், பெயிண்ட் ஊற்றின கேட்டின் படம் எதையும் அழிக்காதீர்கள். பிறகு போலீஸ் பாலாயில் ரிப்போர்ட் செய்து நகலை வாங்கி வையுங்கள். ஸ்கூலுக்குப் போன் போட்டு மிரட்டியிருந்தால் ஹெட்மாஸ்டரிடம் நகலைக் கொடுத்து, பிள்ளையை யார் வந்து கூப்பிட்டாலும் அனுப்பக் கூடாது என்று சொல்லி வையுங்கள்.

தனியாகப் பேரம் பேசப் போகாதீர்கள். ஒரு ஆலோங்கை அடைக்க இன்னொரு ஆலோங்கிடம் போவதுதான் இதில் மிகப் பெரிய பள்ளம். இரண்டாவது ஆளை அறிமுகப்படுத்துவதே பெரும்பாலும் முதல் ஆள்தான். தீபாவளிக்கு முந்தின மாதம் இவர்களுக்கு அறுவடைக் காலம், அப்போது போன் வந்தால் எடுக்காதீர்கள்.

லைசென்ஸ் இருக்குன்னு போர்டு போட்டிருக்கானே? எப்படி நம்புறது?

போர்டை யாரும் எழுதி மாட்டலாம். வீடமைப்பு ஊராட்சி அமைச்சின் தளத்தில், அதாவது கேபிகேடியில், லைசென்ஸ் வாங்கினவர்களின் பெயர் இருக்கும். போர்டில் உள்ள பெயரும் விலாசமும் அதோடு ஒத்துப்போக வேண்டும். உண்மையான லைசென்ஸ்காரர் எழுத்தில் ஒப்பந்தம் போடுவார், ஒரு நகல் உங்களுக்குத் தருவார், முழுத் தொகையையும் கொடுப்பார். வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டாலோ, ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் கேட்டாலோ, ஐசியை, அதாவது அடையாள அட்டையை, பிடித்து வைத்தாலோ எழுந்து வந்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் 'உடனடி லோன், முதலில் 300 ப்ராசஸிங் கட்டுங்கள்' என்று வந்தால் அது லோனே இல்லை, ஏமாற்று. காசை அனுப்பிவிட்டீர்கள் என்றால் அந்த நிமிடமே உங்கள் பேங்குக்கோ 997க்கோ கூப்பிடுங்கள். மறுநாள் என்று விட்டால் காசு கை மாறிப் போயிருக்கும்.

தாலிக்கொடி அடகுல இருக்கு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வட்டி கட்டி கட்டி மாத்துறேன். இது சரியா?

அடகுக் கடை வட்டிக்கு மாதம் 2 விழுக்காடுதான் உச்சவரம்பு, மீட்கும் காலம் 6 மாதம். 2,000 வெள்ளிக்கு வைத்தால் மாதம் 40. ஆறு மாதத்துக்கு 240, வருஷத்துக்கு 480. இரண்டு முறை வட்டி மட்டும் கட்டி மாற்றினால் தாலிக்கொடி அங்கேயே, 480 போயாச்சு. ஆலோங்கை விட ஆயிரம் மடங்கு மேல்தான், ஆனாலும் இது ஓட்டைப் பானை.

மாற்றும்போது வட்டியோடு அசலிலும் 100, 200 குறைத்து, குறைந்த தொகைக்குப் புதுச் சீட்டுப் போடச் சொல்லுங்கள். மூன்று முறை மாற்றியும் அசலைக் குறைக்க முடியவில்லை என்றால், மனசு கேட்காவிட்டாலும், சின்ன நகை ஒன்றை விற்றுப் பெரியதை மீட்பது மேல். நகை ஏலம் போய், கடனையும் வட்டியையும் கழித்து மிச்சம் இருந்தால் அது உங்கள் காசு, கேளுங்கள். பலர் கேட்பதே இல்லை. சீட்டைத் தொலைத்தால் அன்றே கடைக்குப் போய்ச் சொல்லுங்கள், வேறு யாராவது அதைக் காட்டி மீட்டுக்கொண்டு போகக் கூடும். புதிதாக அடகு வைக்கப் போகிறவர் அர்-ரஹ்னு என்ற இஸ்லாமிய முறை அடகுக் கடையிலும் விசாரிக்கலாம். அங்கே வட்டி இல்லை, பாதுகாப்புக் கூலி மட்டும். முஸ்லிம் அல்லாதவர்களும் வைக்கலாம்.

மோட்டார் தவணை ரெண்டு மாசம் கட்டல. தூக்கிட்டுப் போயிடுவாங்களா?

ஒப்பந்தத் தலைப்பைப் பாருங்கள். 'செவா பெலி' (தவணை முறையில் வாங்குவது) என்று இருந்தால் 1967ஆம் ஆண்டுச் சட்டம் உங்களுக்குத் துணை. இரண்டு மாதம் தொடர்ந்து தவறினால்தான் கைவைக்க முடியும். அதற்கும் முன் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து 21 நாள் காத்திருக்க வேண்டும். ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டி முடித்திருந்தால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் தொட முடியாது. பறிமுதல் செய்ய வருகிறவரிடம் அனுமதி அட்டையைக் காட்டச் சொல்லுங்கள்.

அந்த 21 நாளில் ஒரு மாதத் தவணையாவது கட்டி, கடன் கொடுத்த கம்பெனியோடு எழுத்தில் பேசுங்கள். முடியவே முடியாது என்றால் அந்த 21 நாளுக்குள் நீங்களே கொண்டுபோய் ஒப்படையுங்கள். பறிமுதல் கூலி, நிறுத்தி வைத்த கூலி உங்கள் தலையில் விழாது. ஆனால் 'வண்டியைக் கொடுத்துட்டேன், கடன் தீர்ந்துச்சு' என்று நினைக்க வேண்டாம். அவர்கள் விற்கும் விலை பாக்கிக்குக் குறைந்தால் மிச்சத்தை உங்களிடம்தான் கேட்பார்கள்.

ஏகேபிகே, ஏகேபிகேங்கிறாங்க. அது என்னா? காசு கேப்பாங்களா?

பேங்க் நெகாரா 2006இல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம். கட்டணம் கிடையாது. 'நாங்கள் ஏகேபிகே ஏஜென்ட், 500 கொடுங்கள்' என்று ஒருவர் வந்தால் அவர் ஏஜென்டும் இல்லை, ஒன்றும் இல்லை. நம் பக்கத்துக்கு ஈப்போ கிளை. ஆன்லைனிலும் பதியலாம்.

ஐசி, மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட்கள், வீட்டு பில்கள், முதல் கேள்வியில் சொன்ன 555 புத்தகம், எல்லாம் கொண்டு போங்கள். செலவு போக என்ன மிஞ்சும் என்று அவர்கள் கணக்குப் போட்டு, பேங்குகளோடு பேசி, தவணையை நீட்டிக் குறைத்து ஒரே தொகையாக்கித் தருவார்கள். ஒன்றும் மிஞ்சாதவருக்குத் திட்டம் போட முடியாது, ஆகவே உதவித்தொகை எதுவும் வந்தால் மறைக்காமல் வருமானத்தில் சேர்த்துச் சொல்லுங்கள். கிரெடிட் கார்டு ரத்தாகும், திட்டம் முடியும்வரை புதுக் கடன் கிடைக்காது, சிசிஆர்ஐஎஸ்ஸில் ஒரு குறியும் விழும். அதைப் பார்த்துப் பயந்து ஒதுங்குகிறவர்கள் உண்டு. ஏற்கெனவே தவணை தவறின பெயருக்கு அந்தக் குறி பெரிய கெடுதல் இல்லை. ஆலோங், கைமாற்று, கடைப் பாக்கி இவற்றுக்கு இங்கே வழி கிடையாது.

எல்லாத்தையும் சேர்த்து ஒரு பெரிய லோன் போட்டு அடைச்சுட்டா?

தவணை குறைகிறது என்று சந்தோஷப்படும் முன் மொத்தத்தைப் பெருக்கிப் பாருங்கள். 10,000 வெள்ளி, வருஷம் 8 விழுக்காடு நிலை வட்டி (முதலில் வாங்கின தொகை மேலேயே கடைசிவரை போடும் வட்டி), 5 வருஷம். வட்டி மட்டும் 4,000. மாதம் 233 தான், ஆனால் மொத்தம் 14,000. அடைத்து முடித்த கார்டுகளைக் கத்தரித்துப் போடாவிட்டால் ஒரு வருஷத்தில் இரண்டு கடனும் நிற்கும். வட்டி நிஜமாகவே குறைகிறது, கார்டையும் மூடுகிறேன் என்றால் செய்யலாம். இல்லாவிட்டால் ஏகேபிகேதான் மேல்.

எஸ்டேட் ஆபீஸ்ல அட்வான்ஸ் வாங்கினேன். சம்பளத்துல பாதிக்கு மேல வெட்டுறாங்க.

வேலைச் சட்டம் 1955இன்படி ஒரு மாதத்துப் பிடித்தங்கள் பொதுவாக அந்த மாதச் சம்பளத்தில் 50 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வீட்டுக் கடன் பிடித்தம் இருந்தால் மட்டும் வரம்பு கூடும். அட்வான்ஸுக்கு வட்டி போடவும் கூடாது. சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு முதலில் எஸ்டேட் ஆபீஸ் கணக்கரான கிராணியிடம் கேளுங்கள். சரிவராவிட்டால் தொழிலாளர் இலாகா இருக்கிறது, புகாருக்குக் காசு இல்லை. எஸ்டேட் வீட்டில் இருப்பவர் கோபத்தில் வேலையை விட்டுவிடாதீர்கள், வேலையோடு வீடும் போகும்.

கேடபிள்யூஎஸ்பி காச எடுத்துக் கட்டிடலாமா?

2024 மே 11 முதல் சந்தாவில் 10 விழுக்காடு மூன்றாவது கணக்கான அக்காவுன் ஃபிளெக்ஸிபலுக்குப் போகிறது. அதில் குறைந்தது 50 வெள்ளி எடுக்கலாம். 1,700 சம்பளத்துக்கு மாதம் ஏறக்குறைய 40 வெள்ளிதான் அங்கே சேரும். ஆகவே இதை நம்பித் திட்டம் போட முடியாது. ஏலத்துக்கு வந்த நகை, 21 நாள் நோட்டீஸ் வந்த மோட்டார், இப்படித் தேதி நெருக்கும் இரண்டுக்கு மட்டும் தொடுங்கள். கேடபிள்யூஎஸ்பியில் இருக்கிற காசைக் கடன்காரர் ஜப்தி செய்ய முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆலோங்குக்குக் கொடுக்க அதை எடுப்பது, பத்திரமான இடத்தில் இருந்த காசை நாமே எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் போடுவது.

கூட்டு கட்டி முதல் சீட்ட எடுத்துக் கடன அடைக்கலாம்னு அக்கா ஒருத்தங்க சொல்றாங்க.

கூட்டு, அதாவது ஆள் சேர்த்துச் சீட்டுப் பிடிப்பது, நடத்துவதே 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நடத்துகிறவர் ஓடிவிட்டால் ரசீது இல்லை, கேட்க இடமும் இல்லை. முதல் சீட்டு எடுத்தால் மிச்ச மாதமெல்லாம் அதுவும் ஒரு தவணைக் கடன்தான். வேண்டாம்.

புள்ளைங்க அப்பா ஒரு வெள்ளி கொடுக்கறதில்ல. கேஸ் போடக் காசு இல்ல.

காசில்லாதவர்களுக்காகவே ஜபாத்தான் பந்துவான் குவாமான் என்ற சட்ட உதவி இலாகா இருக்கிறது. வருமான வரம்புக்குள் இருந்தால் குடும்ப வழக்கை எடுத்துக்கொள்வார்கள். முஸ்லிம் அல்லாதவர்கள் விவாகரத்து ஆகாமலேயே 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பிள்ளைகளுக்குப் பராமரிப்புத் தொகை கேட்கலாம். பதிவுத் திருமணம் ஆகாத தாயும் பிள்ளைக்காகக் கேட்கலாம்.

பிள்ளைகளின் பிறப்புச் சூரா (சான்றிதழ்), ஸ்கூல் செலவு ரசீதுகள், அப்பா வேலை செய்யும் இடத்தின் பெயரும் விலாசமும், இவை மூன்றும் வேண்டும். கடைசியானது ரொம்ப முக்கியம். உத்தரவு வந்த பிறகும் அவர் கட்டாவிட்டால், முதலாளி நேராகச் சம்பளத்திலிருந்து பிடித்துக் கட்டும்படி நீதிமன்றத்தில் கேட்க முடியும். கைக்கூலி வேலை செய்கிறவரிடம் இது எளிதல்ல, அதையும் சொல்லத்தான் வேண்டும். வந்தாலும் வராமலும் போகிற காசு என்பதால் மாதக் கணக்கில் இதைச் சேர்க்காதீர்கள். வந்த மாதம் டப்பாவுக்கும் அடகுக்கும் போடுங்கள்.

என்னென்ன பந்துவான் கேக்கலாம்?

எஸ்டிஆர், அதாவது அரசாங்கத்தின் ரொக்க உதவி, பெரும்பாலும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பதிவில் முன்னாள் கணவரே குடும்பத் தலைவராக இருந்தால் காசு அவர் கணக்குக்குத்தான் போகும். விவாகரத்துச் சான்றோடு உங்கள் நிலையைப் புதுப்பியுங்கள். சாமான் வாங்க அரசாங்கம் தரும் சாரா காசு ஐசி வழியாகக் கடையில் பொருளாக மட்டும் வரும். பத்து வெள்ளி பிடித்துக்கொண்டு ரொக்கம் தருகிறேன் என்று சொல்லும் கடைக்காரருக்குத் தலையாட்டாதீர்கள். அரிசி, எண்ணெயை அதில் வாங்கி, மிச்சமான ரொக்கத்தைக் கடனுக்குத் திருப்புங்கள்.

கோலகங்சாரில் உள்ள மாவட்டக் கெபாஜிக்கான் (சமூகநல) ஆபீஸில் பிள்ளைகளுக்கான மாத உதவி கேட்கலாம். வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள், நாளாகும். கேட்டுவிட்டு, ஏழைக் குடும்பங்களின் அரசாங்கப் பட்டியலான இகாசே பதிவிலும் பெயர் இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஸ்கூலில் ஆர்எம்டி காலைச் சாப்பாட்டுக்குப் பிள்ளை பெயரைக் கொடுங்கள், வெட்கம் வேண்டாம்.

நான் அப்பா. வீட்டுக்காரங்க தவறிட்டாங்க. இதெல்லாம் பொம்பளைங்களுக்கு மட்டும்தானா?

இல்லை. கெபாஜிக்கானின் பிள்ளைகள் உதவி குடும்பத்தின் நிலையைப் பார்த்துத் தருவது. இதைவிடப் பெரியது ஒன்று உண்டு. மனைவி பேக்டரியிலோ எஸ்டேட்டிலோ பெர்கேசோ கட்டி வேலை செய்திருந்து, சந்தா நிபந்தனையும் நிறைவேறியிருந்தால், கணவருக்கும் 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் மாதப் பென்சன் உண்டு. மனைவியின் ஐசி நம்பரோடு பெர்கேசோ ஆபீஸில் கேளுங்கள். கணவரை இழந்த தாய்க்கும் இதே வழிதான்.

ஓடிப்போன புருசனோட கடன என்கிட்ட கேக்குறாங்க. நான் கட்டணுமா?

நீங்கள் சேர்ந்து வாங்கினவராகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்துப் போடாத வரை மனைவி என்பதற்காக மட்டும் கட்ட வேண்டியதில்லை. இறந்தவரின் கடன் என்றால் அவர் விட்டுப்போன சொத்திலிருந்துதான் போகும், பிள்ளைகள் தலையில் ஏறாது. 'ஒரு சின்னக் கையெழுத்து மட்டும்' என்று யாராவது பேப்பரை நீட்டினால் போடாதீர்கள். இன்றைக்குப் போடும் அந்தக் கையெழுத்தே உங்களைக் கடன்காரர் ஆக்கிவிடும். ஆலோங் ஆள் கேட்டு வந்தால் மேலே ஆலோங் கேள்வியில் சொன்ன ரிப்போர்ட்டைச் செய்யுங்கள்.

3,000 வெள்ளி பாக்கிக்கு பேங்க்ரப் ஆக்கிடுவோம்னு லெட்டர் வந்திருக்கு.

திவால் வழக்குப் போடக் கடன் குறைந்தது 100,000 வெள்ளி இருக்க வேண்டும். 3,000க்கு முடியாது. ஆனால் நீதிமன்றத் தீர்ப்பு வாங்கிப் பேங்க் கணக்கை முடக்கவும் சாமான்களை ஜப்தி செய்யவும் முடியும். ஆகவே வக்கீல் லெட்டரைக் கண்டு நடுங்க வேண்டாம், நீதிமன்றச் சம்மனைக் கண்டுகொள்ளாமலும் இருக்க வேண்டாம். சம்மனில் போட்ட தேதியில் போகாவிட்டால் அவர்கள் சொன்ன தொகையே தீர்ப்பாகிவிடும்.

எட்டு வருஷத்துக்கு முந்தின கடனுக்கு இப்ப போன் பண்ணி, 50 வெள்ளி மட்டும் போடுங்கன்னு கெஞ்சுறாங்க. போட்டுடலாமா?

போடாதீர்கள், முதலில் விசாரியுங்கள். பொதுவாகக் கடன் தவறி 6 ஆண்டு தாண்டினால் வழக்குப் போடும் காலம் முடிந்துவிடும். ஆனால் ஏதாவது கட்டினாலோ, 'ஆமாம், பாக்கி இருக்கிறது' என்று எழுதிக் கொடுத்தாலோ கணக்கு அன்றிலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். அந்த 50 வெள்ளியைக் கெஞ்சிக் கேட்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான். ஏற்கெனவே தீர்ப்பு வாங்கியிருந்தால் வேறு கதை, தீர்ப்புக்கு 12 ஆண்டு ஆயுள்.

போனில் எதையும் ஒப்புக்கொள்ளாமல், கடைசியாகக் கட்டின தேதி, தீர்ப்பு இருந்தால் வழக்கு எண், இரண்டையும் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். அந்த லெட்டரைச் சட்ட உதவி இலாகாவிலோ ஏகேபிகேயிலோ காட்டிவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.